மண்ணுக்குள் போன விதை... ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மண்ணில் ஈஸ்டர் சொல்லும் நம்பிக்கை!

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள சுவர்களில், சினிமா போஸ்டர்களுக்கு இணையாக இடம்பிடிப்பவை கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள். பெரும்பாலானவற்றில் 'தோற்றம்', 'மறைவு' என்று இரண்டு தேதிகள் இருக்கும். கிறிஸ்தவக் குடும்பத்துப் போஸ்டர் என்றால், அதே இடத்தில் பல நேரம் 'மண்ணில்', 'விண்ணில்' என்று போட்டிருப்பார்கள். இன்னும் சிலர், 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று அச்சடிப்பார்கள்.

இறந்தார் என்று எழுதக் கூச்சப்பட்டுப் போடும் மரியாதைச் சொல்தான் நித்திரை என்று பலரும் நினைப்பார்கள். அதற்குப் பின்னால் 2,000 வருடக் கதை இருக்கிறது. ஆரம்பகாலக் கிறிஸ்தவர்கள், இறந்தவர்களைப் புதைத்த இடத்துக்குக் கிரேக்க மொழியில் 'கொய்மெத்தேரியோன்' என்று பெயர் வைத்தார்கள். 'தூங்கும் இடம்' என்று அர்த்தம். நாம் இன்று சொல்லும் 'செமட்ரி' அதிலிருந்து வந்த வார்த்தைதான். தூங்குகிறவர் என்றால் எழுந்திருப்பார். அந்த ஒரு நினைப்பில்தான் அந்தப் பெயரே வந்தது.

சாவைத் தூக்கத்துக்கும், பிறப்பைத் தூங்கி விழிப்பதற்கும் ஒப்பிட்டவர் நம் வள்ளுவரும்தான். ஆனால், அவர் சொல்லும் விழிப்பு ஒரு பிறப்பு. கிறிஸ்தவர்கள் சொல்லும் விழிப்பில், இறந்த அதே ஆள், அதே பெயரோடு, உடம்போடு எழுந்திருப்பார். அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக அவர்கள் காட்டுவது ஒரே ஒரு சம்பவத்தை. சிலுவையில் கொல்லப்பட்ட இயேசு மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பதே அது.

"ஏன்க்கா, ஆளு போய்ட்டாரு... நீங்க பாட்டுப் பாடிக்கிட்டு இருக்கீங்களே?" என்று துக்க வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்பதும், "அழுதுக்கிட்டேதாம்மா பாடுறோம். திரும்பப் பார்ப்போம்ல" என்று பதில் வருவதும் இந்தப் பக்கத்தில் புதிதல்ல. அந்த 'திரும்பப் பார்ப்போம்' என்பதில் என்னதான் இருக்கிறது?

பங்குனி நிலவும் ஈஸ்டர் ஞாயிறும்

ராஜபாளையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர். 11 நிலை ராஜகோபுரம் கண்ணில் பட்டதுமே பஸ்ஸில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பெரியாழ்வாரும் ஆண்டாளும் பிறந்த ஊர். பங்குனி உத்திரத்தன்று இங்கே ஆண்டாள் திருக்கல்யாணம் நடக்கும்.

கிறிஸ்துமஸ் டிசம்பர் 25 என்று நின்றுவிட்டது. ஈஸ்டருக்கு மட்டும் ஏன் வருடா வருடம் தேதி மாறுகிறது என்று குழந்தைகள் கேட்டால், பதில் நிலவில் இருக்கிறது. யூதர்களின் பாஸ்கா பண்டிகை முழுநிலவை ஒட்டி வருவது. இயேசு இறந்ததும் உயிர்த்ததும் அந்தப் பண்டிகை நாள்களில்தான். கி.பி. 325-ல் நிசேயாவில் கூடிய திருச்சபை மாநாடு, எல்லா ஊர்களிலும் ஒரே ஞாயிறன்று இதைக் கொண்டாட வேண்டும் என்று முடிவெடுத்தது. மார்ச் 21 அல்லது அதற்குப் பிறகு வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர் என்பதுதான் நடைமுறையில் உள்ள கணக்கு.

பங்குனி உத்திரமும் பௌர்ணமியை ஒட்டியே வருகிறது. அதனால் பல வருடங்களில் ஆண்டாள் கல்யாணமும் ஈஸ்டரும் சில நாள் இடைவெளியில் வந்துவிடும். 2025-ல் பங்குனி உத்திரம் ஏப்ரல் 11, ஈஸ்டர் ஏப்ரல் 20. ஒரே நிலவின் வெளிச்சத்தில், ஒரே தாலுகாவில், ஒரு பக்கம் திருக்கல்யாணத்துக்கு மாலை கட்டுகிறார்கள். இன்னொரு பக்கம் சபையார் அதிகாலை ஆராதனைக்கு அலாரம் வைக்கிறார்கள்.

கத்தோலிக்க ஆலயங்களில் ஈஸ்டர் முந்தைய இரவே தொடங்கிவிடும். விளக்கெல்லாம் அணைத்துவிட்டு, வாசலில் புது நெருப்பு மூட்டி, அதிலிருந்து பெரிய பாஸ்கா மெழுகுவர்த்தியை ஏற்றுவார்கள். அதிலிருந்து ஒருவர் மெழுகுவர்த்தி, அவரிடமிருந்து அடுத்தவர் மெழுகுவர்த்தி என்று கோயில் முழுக்க வெளிச்சம் பரவும். தவக்காலம் முழுக்கப் பாடாமல் வைத்திருந்த 'அல்லேலூயா' அன்று இரவுதான் திரும்பி வரும். சி.எஸ்.ஐ சபைகளில் விடியும் முன்பே ஆராதனை. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்கே போய், தங்கள் வீட்டு ஆள்களின் கல்லறைகளுக்கு நடுவே நின்று பாடுவதும் உண்டு.

மடித்து வைக்கப்பட்ட துணி

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சத்திரப்பட்டியைப் பற்றித் தெரியாதவர்கள்கூட, அங்கே நெய்த துணியை வாழ்நாளில் ஒருமுறையாவது தொட்டிருப்பார்கள். காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி, காஸ் துணி. தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம் கேட்கும் அந்தப் பகுதியில், ஈஸ்டர் கதையில் வரும் ஒரு சின்ன விவரம் சட்டென்று புரிந்துவிடும்.

யோவான் எழுதிய நற்செய்தியின் 20-ம் அதிகாரத்தில், ஞாயிறு அதிகாலை இருட்டோடு கல்லறைக்குப் போகிறார் மகதலா ஊர் மரியா. அடைத்திருந்த கல் புரண்டு கிடக்கிறது. அவர் ஓடிப்போய்ச் சொல்ல, பேதுருவும் இன்னொரு சீடரும் ஓடிவந்து உள்ளே பார்க்கிறார்கள். உடல் இல்லை. உடலைச் சுற்றியிருந்த துணிகள் கிடக்கின்றன. தலையில் கட்டியிருந்த துணி மட்டும் தனியாக ஓரிடத்தில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

பிணத்தைத் திருடுகிறவர் கட்டை அவிழ்த்து, துணியை ஒழுங்காக வைத்துவிட்டுப் போகமாட்டார். இனி இந்தக் கட்டு தேவையில்லை என்று ஒருவர் எழுந்து போனது போல இருக்கிறது அந்தக் காட்சி. காயம் ஆறியவர் மட்டும்தான் பேண்டேஜைக் கழற்றி ஓரமாக வைப்பார்.

அதற்கடுத்து நடப்பது இன்னும் எளிமையானது. சீடர்கள் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். மரியா மட்டும் போகவில்லை. அழுதுகொண்டு நிற்கிறார். எதிரே நின்றவரைத் தோட்டக்காரர் என்று நினைத்துப் பேசுகிறார். அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் யாரென்று தெரிகிறது. அந்தக் காலத்து யூத சமூகத்தில் பெண்களின் சாட்சியத்துக்குப் பெரிய மதிப்பு கிடையாது. கதை கட்டுகிறவர்கள் முதல் சாட்சியாக ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள் என்று பைபிள் அறிஞர்கள் பலர் சுட்டிக்காட்டுவது இதனால்தான். நான்கு நற்செய்திகளும் வேறு வேறு விவரங்கள் சொன்னாலும், காலி கல்லறையை முதலில் பார்த்தவர்கள் பெண்கள் என்பதில் நான்கும் ஒன்றுபடுகின்றன.

கணக்குப் புலி, கரிசலுக்கு வந்த கதை

இந்த நம்பிக்கையை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களுக்கு நடந்தே கொண்டுவந்தவர்களில் ஒருவர் தாமஸ் கஜடன் ராக்லண்ட். இப்போது விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் இந்த ஊர்களில் பல, அப்போது திருநெல்வேலி ஜில்லாவின் வடக்குப் பகுதி. 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா உருவானபோதுதான் அங்கிருந்து பிரிந்தன. 1985-ல் விருதுநகர் தனி மாவட்டமானது.

ராக்லண்ட் 1815-ல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்தவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படித்து, 1841-ல் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பிடித்தார். கார்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் ஃபெல்லோ ஆனார். அங்கேயே இருந்திருந்தால் நல்ல சம்பளம், நல்ல பெயர். ஆனால், சி.எம்.எஸ் மிஷன் சங்கத்தின் செயலாளராக மெட்ராஸுக்குக் கப்பல் ஏறினார். கணக்கு வழக்கு, கடிதப் போக்குவரத்து என்று மேசை வேலை. அதற்கே உடம்பு ஒத்துழைக்கவில்லை. நுரையீரல் பலவீனம்.

சுற்றுப்பயணம் போனபோது அவர் ஒன்றைக் கவனித்தார். திருநெல்வேலியின் தெற்கே சபைகள் வளர்ந்திருந்தன. வடக்கே, கரிசல் காட்டுக் கிராமங்களில் யாரும் இல்லை. மேசையை விட்டுவிட்டு அங்கே போக முடிவெடுத்தார். இங்கிலாந்திலிருந்து டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்ற இரண்டு இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு, 1854-ல் வேலையைத் தொடங்கினார். வீடு கிடையாது. கூடாரம்தான். ஒரு ஊரில் கூடாரம் போட்டு, சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போய்விட்டு, அடுத்த ஊருக்குக் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போவது. தெற்கே இருந்த தமிழ்ச் சபைகள், தங்கள் உபதேசியார்களை முறைவைத்து வடக்கே அனுப்பின. வெள்ளைக்காரர் பெயர்தான் புத்தகத்தில் நிற்கிறது. வெயிலில் கூடவே நடந்த அந்த உபதேசியார்களில் பலரின் பெயர் நமக்குத் தெரியாது.

1858 அக்டோபர் 22. சிவகாசியில் இருந்தபோது, நுரையீரலிலிருந்து ரத்தம் பெருகி, திடீரென இறந்துபோனார் ராக்லண்ட். வயது 43. கல்யாணம் ஆகவில்லை. நான்கு வருடக் கூடார வாழ்க்கையில், கண்ணுக்குத் தெரிந்த பலன் மிகக் குறைவு. கேம்பிரிட்ஜில் அவருக்குத் தெரிந்தவர்கள், 'நல்ல மூளையை வீணடித்துவிட்டார்' என்று நினைத்திருந்தால் ஆச்சர்யப்படுவதற்கில்லை.

அவர் அடிக்கடி பிடித்துக்கொண்ட பைபிள் உவமை ஒன்று உண்டு. கோதுமை மணி மண்ணில் விழுந்து செத்தால்தான் பலன் தரும். இல்லையென்றால் தனியாகவே கிடக்கும் என்று இயேசு தன் சாவைப் பற்றிச் சொன்ன உவமை. வெற்றி பெறுவதற்கான வழிகளிலேயே நிச்சயமானது அந்த மணியாக ஆவதுதான் என்று ராக்லண்ட் எழுதி வைத்திருந்தார்.

ராக்லண்ட் போன பிறகு ஃபென்னும் மெடோஸும் வேலையைத் தொடர்ந்தார்கள். சிவகாசிக்குப் பக்கத்தில் சாட்சியாபுரம் உருவானது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மிஷன் நிலையம் வந்தது. கோயில்களும் பள்ளிக்கூடங்களும் வந்தன. டோனாவூரில் குழந்தைகளைக் காப்பாற்றி வளர்த்த ஏமி கார்மைக்கேல், 1922-ல் ராக்லண்டைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். 1951 ஜனவரி 18-ல் ஏமி இறந்தபோது, தன் புதைகுழி மேல் கல்லறைக் கல் வைக்கக் கூடாது என்பது அவருடைய விருப்பம். குழந்தைகள் கல் வைக்கவில்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்து, அதில் 'அம்மை' என்று பொறித்தார்கள்.

விதையும் பயிரும்

ராக்லண்ட் இறந்தது ஐப்பசி முதல் வாரம். கரிசல் சம்சாரிகளுக்கு அந்த நாள்களின் அர்த்தம் தெரியும். வானம் பார்த்த பூமியில் பருத்தியும் சோளமும் கம்பும் விதைக்கும் பருவம் அது. வீட்டில் இருக்கும் நல்ல விதையாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டுபோய் மண்ணில் போட்டு மூடுவார்கள். பசிக்கிற வீட்டில் சாப்பிடக்கூடிய தானியத்தை மண்ணுக்குள் போடுவதற்கு ஒரு தைரியம் வேண்டும். மழை வரும் என்ற தைரியம்.

உயிர்த்தெழுதலைப் பற்றிப் பவுல் எழுதியதும் இதே உதாரணத்தோடுதான். கொரிந்து நகரத்துச் சபைக்கு ஏறத்தாழ கி.பி. 55-ல் அவர் எழுதிய கடிதத்தின் 15-ம் அதிகாரம் முழுக்க இதுதான் பேச்சு. செத்தவர்கள் எந்த உடம்போடு எழுவார்கள் என்று கேட்டவர்களுக்கு, விதையைப் பார் என்று பதில் சொல்கிறார். போடுவது ஒரு மணி. வருவது பயிர். இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. ஆனால், பருத்தி விதையிலிருந்து பருத்திதான் வரும். அந்த விதையிலிருந்துதான் அந்தச் செடி.

இங்கே பலரும் தவறவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. 'உடம்பு போகட்டும், ஆன்மா பறந்து மேலே போய்விடும்' என்பதோடு கிறிஸ்தவ நம்பிக்கை முடிந்துவிடுவதில்லை. இறந்தவர் கடவுளிடம் இருக்கிறார் என்பது பாதி. கடைசியில் உடம்பும் புதிதாக எழும், உலகமும் புதிதாகும் என்பது மீதி. உயிர்த்த இயேசுவைப் பவுல் 'முதற்பலன்' என்று சொல்வது அதனால்தான். அறுவடையில் முதல் கதிரைச் சாமிக்குக் கொண்டுபோய் வைத்தால், வயலில் மற்றவை பின்னால் வருகின்றன என்று அர்த்தம்.

அப்படியென்றால், உடம்பு தூக்கியெறியும் சட்டை அல்ல. இறந்த உடலைக் குளிப்பாட்டி, நல்ல துணி உடுத்தி, நாலு பேர் சுமந்துபோய், பெயர் சொல்லி அடக்கம் செய்வதன் அர்த்தம் அதுதான். 2020 ஏப்ரலில், கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்ய விடாமல் ஒரு கும்பல் கல்லெறிந்து விரட்டியதும், சக மருத்துவர் நள்ளிரவில் தானே மண் அள்ளிப் போட்டு அடக்கத்தை முடித்ததும் நாடு முழுக்க எல்லா மதத்தினரையும் உலுக்கியது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது. கண்ணியமான அடக்கமும் அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உரிமையில் சேரும் என்றது.

வலப்பக்கத்தில் ஒரு தழும்பு

ஈஸ்டருக்கு நாற்பதாம் நாள் ஒரு வியாழக்கிழமை. கத்தோலிக்கர்கள் 'விண்ணேற்றம்' என்பார்கள். சி.எஸ்.ஐ, லுத்தரன் சபைகளில் 'பரமேறுதல்'. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் போல இதற்குப் புதுத்துணியோ பிரியாணியோ கிடையாது. காலண்டரில் ஓரமாகக் கிடக்கும் நாள். ஆனால், உயிர்த்தெழுதலின் இரண்டாம் பாதி இதுதான். உயிர்த்தவர் எங்கே போனார் என்ற கேள்விக்கு, 'தந்தையின் வலப்பக்கம்' என்று பதில் சொல்கிறார்கள் கிறிஸ்தவர்கள்.

வலப்பக்கம் என்பது மேப்பில் காட்டக்கூடிய இடம் அல்ல. ராஜா தனக்கு வலப்பக்கத்தில் யாரை உட்காரவைக்கிறாரோ, அவர் ராஜாவின் அதிகாரத்தில் பங்கு பெற்றவர். பிலிப்பி சபைக்குப் பவுல் எழுதிய கடிதத்தின் 2-ம் அதிகாரம் இதை ஒரு படிக்கட்டு போலச் சொல்கிறது. கடவுளின் நிலையில் இருந்தவர் இறங்குகிறார். மனிதராகிறார், அடிமையாகிறார், சாகிறார், அதிலும் குற்றவாளிகள் சாகும் சிலுவையில் சாகிறார். அவ்வளவு தூரம் இறங்கியதால்தான் கடவுள் அவரை எல்லாருக்கும் மேலே உயர்த்தினார் என்று முடிகிறது.

ரோமானிய ஆட்சியில் சிலுவை என்பது சாவோடு சேர்ந்த அவமானம். அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் கொடுத்த தண்டனை அது. மரியாதைப்பட்ட வீடுகளில் அந்தச் சொல்லையே எடுக்க மாட்டார்கள். அப்படிக் கேவலப்படுத்திக் கொல்லப்பட்ட ஒருவர்தான் உலகத்திலேயே உயர்ந்த நாற்காலியில் இருக்கிறார் என்று சொன்னபோது, அதை முதலில் பிடித்துக்கொண்டவர்களில் அடிமைகளும் கூலிக்காரர்களும் பெண்களும் நிறைய இருந்தார்கள். கரிசல் காட்டிலும் அதேதான் நடந்தது. ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாமல் தள்ளி வைக்கப்பட்டவர்களுக்கு, தள்ளி வைக்கப்பட்ட ஒருவர் உயர்த்தப்பட்டார் என்பது வெறும் பாடமாக இருந்திருக்காது.

அந்த உயர்ந்த இடத்தில் இருப்பவரின் கைகளில் ஆணித் தழும்பு அப்படியே இருக்கிறது என்பது இன்னொரு விசேஷம். உயிர்த்த பிறகும் அது மறையவில்லை. தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று அடம்பிடித்த தோமாவுக்கு அதைத்தான் காட்டினார். அந்தத் தோமா மயிலாப்பூர் வரை வந்தார், இங்கேதான் கொல்லப்பட்டார் என்பது தமிழகக் கிறிஸ்தவர்களின் நீண்டகால நம்பிக்கை.

வலப்பக்கத்தில் இருப்பவர் சும்மா இல்லை. நமக்காகப் பரிந்து பேசுகிறார் என்றும் பைபிள் சொல்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இந்தப் பேச்சு அந்நியமாக இருக்காது. பெருமாளிடம் நம் குற்றத்தை மறக்கச் சொல்லித் தாயார் பரிந்துரைப்பதை வைணவம் 'புருஷகாரம்' என்கிறது. இரண்டும் வேறு வேறு நம்பிக்கைகள்தான். ஆனால், நமக்காகப் பேச மேலே ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதலின் மொழி, இந்த மண்ணில் முன்பே இருந்தது.

அந்த மொழியை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவர் ஹெச்.ஏ.கிருஷ்ணபிள்ளை. 1827-ல் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கரையிருப்பில், வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். கம்பராமாயணத்தில் ஊறியவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தார். 1858-ல், ராக்லண்ட் சிவகாசியில் இறந்த அதே வருடம், ஏப்ரலில் மயிலாப்பூரில் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பன்யன் எழுதிய ஆங்கில நூலைத் தழுவி, கம்பனின் நடையில் அவர் எழுதிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-ல் வெளிவந்தது.

பன்யன் கதையின் கடைசியில் ஒரு ஆறு வரும். சாவுதான் அந்த ஆறு. பாலம் கிடையாது. கதாநாயகன் இறங்கியதும் பயத்தில் மூழ்கப் போகிறான். வழி முழுக்க விசுவாசத்தோடு வந்தவன்தான் அவன். கூட வந்தவன் அவன் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே நடக்கிறான். அந்தத் துணைவனின் பெயர், நம்பிக்கை உள்ளவன்.

கல்லறைத் தோட்டத்தில் ஒரு சுவர்

இந்த நம்பிக்கையைச் சொல்கிறவர்கள் எல்லாரும் அதன்படி வாழ்ந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. கடைசி நாளில் எல்லாரும் ஒன்றாக எழுவோம் என்று பாடிவிட்டு, சாதிக்கு ஒரு பக்கமாகப் புதைக்கும் கல்லறைத் தோட்டங்கள் தமிழகத்தில் உண்டு. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தைச் சாதியால் பிரிக்கும் சுவரை எதிர்த்து நடந்த போராட்டங்கள் பலமுறை செய்தியாகியிருக்கின்றன. கல்லறையை அடைத்த கல்லே புரண்டுபோனது என்று நம்புகிறவர்கள், ஒரு சுவரை விட்டுவைத்திருப்பது கிறிஸ்தவர்களுக்குள்ளேயே கேட்கப்படும் கேள்வி. அதற்கு ஈஸ்டர் பிரசங்கத்தில் பதில் சொன்னால் போதாது.

அழலாமா, கூடாதா?

துக்க வீடுகளில் நல்ல எண்ணத்தோடு சொல்லப்படும் ஒரு வார்த்தை, சில நேரம் புண்ணில் உப்பாகிவிடும். "அழாதீங்க, நமக்கு விசுவாசம் இல்லையா? அவங்க நல்ல இடத்துல இருக்காங்க." கணவனைப் பறிகொடுத்த பெண்ணிடம், பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த அப்பாவிடம் இதைச் சொல்லும்போது, அழுவதே தப்பு என்று அவர்களுக்குத் தோன்றிவிடுகிறது. ராத்திரியில் தலையணையில் முகம் புதைத்து, 'எனக்கு விசுவாசம் குறைவோ' என்ற குற்ற உணர்ச்சியோடு அழுகிறார்கள்.

பைபிளில் அப்படி ஒரு சட்டமே இல்லை. லாசரு இறந்தபோது, இன்னும் கொஞ்ச நேரத்தில் அவரை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் கல்லறைக்குப் போகிற வழியில் இயேசு கண்ணீர் விட்டார். தெசலோனிக்கே சபைக்கு எழுதிய கடிதத்தில், இறந்தவர்களை நினைத்துத் துக்கப்படவே கூடாது என்று பவுல் சொல்லவில்லை. நம்பிக்கையே இல்லாதவர்களைப் போலத் துக்கப்பட வேண்டாம் என்றுதான் சொன்னார். துக்கம் இருக்கும். அதற்குப் பக்கத்தில் நம்பிக்கையும் இருக்கும்.

அதனால், அடுத்தமுறை துக்க வீட்டுக்குப் போகும்போது கொஞ்சம் யோசிக்கலாம். விளக்கம் சொல்ல வேண்டாம். பக்கத்தில் உட்காரலாம். இறந்தவரின் பெயரைச் சொல்லி, அவர் செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லலாம். அந்தப் பெயரைக் கேட்க அந்த வீடு ஏங்கிக்கொண்டிருக்கும். பதினாறு, முப்பது, நாற்பத்தொன்று என்று நாள் கணக்கு முடிந்து, கூட்டம் கலைந்த பிறகு, ஒரு சாயங்காலம் திரும்பப் போகலாம். பன்யன் கதையில் தலையைத் தூக்கிப் பிடித்த துணைவன் செய்ததும் அதுதான். ஆற்றை அவன் வற்ற வைக்கவில்லை. விடாமல் பிடித்துக்கொண்டு கூட நடந்தான்.

உயிர்த்தெழுதலைப் பற்றிய அந்த நீண்ட அதிகாரத்தை, 58 வசனங்களை, பவுல் எப்படி முடித்தார் என்பதையும் பார்க்க வேண்டும். எக்காளம், சாவின் தோல்வி என்று உச்சத்துக்குப் போனவர், கடைசி வசனத்தில் சட்டென்று அன்றாட வேலைக்கு வந்துவிடுகிறார். கலங்காமல் நில்லுங்கள், ஆண்டவருக்காகப் படும் பாடு வீண்போகாது என்பதுதான் அவர் சொல்லி முடிப்பதன் சாரம். சாவுக்குப் பிறகு என்ன என்ற கேள்விக்கு ஆரம்பித்த பதில், திங்கட்கிழமை காலையில் என்ன செய்ய வேண்டும் என்பதில் வந்து நிற்கிறது.

மில்லில் நைட் ஷிஃப்ட் பார்த்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் அம்மாவுக்கும், படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரை முகம் சுளிக்காமல் குளிப்பாட்டும் மருமகளுக்கும், ஒருவர்கூடக் கேட்காத ஊரில் கூடாரம் போட்ட ராக்லண்டுக்கும், பெயர் தெரியாத அந்த உபதேசியார்களுக்கும் சொல்லப்பட்ட வார்த்தை அது. அவர்கள் போட்டது எதுவும் மண்ணோடு மண்ணாகப் போய்விடாது என்று ஈஸ்டரைக் கொண்டாடுகிறவர்கள் நம்புகிறார்கள்.